காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? கிக் அடிக்கும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள்

தை மாதம், விடியற்காலை ஐந்தரை மணி. திருமயம் கோட்டை அடிவாரத் தெருக்களில் பால் கேன் கட்டிக்கொண்டு ஒருவர் கிளம்புகிறார். புதுக்கோட்டைக்கோ காரைக்குடிக்கோ முதல் ஷிப்டுக்குப் போக இன்னொருவர் வண்டியை வெளியே எடுக்கிறார். பிள்ளையைத் தேர்வு மையத்தில் கொண்டுபோய் விட வேண்டும் என்று மற்றொருவர் அவசரத்தில் இருக்கிறார். அந்த நேரம் பார்த்து வண்டி ஸ்டார்ட் ஆகாது. "நேத்து ராத்திரி நல்லாத்தானே ஓடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருபது கிக் அடித்திருப்போம். செல்ஃப் பட்டனை அழுத்தி அழுத்திப் பேட்டரியும் இறங்கியிருக்கும்.

இதற்குப் பெரும்பாலும் பெரிய செலவு தேவையில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் தெருக்களில் இன்று இரண்டு தலைமுறை வண்டிகள் ஓடுகின்றன. ஒன்று கார்புரேட்டர் வண்டி, மற்றொன்று எஃப்.ஐ. எனப்படும் எரிபொருள் ஊசிப் பீய்ச்சல் வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்யும் முறை இரண்டுக்கும் வேறு. அப்பாவின் பழைய வண்டியில் பழகிய கையும் காலும் புதிய வண்டியிலும் அதையே செய்யும்போது தொந்தரவு வருகிறது. உங்கள் வண்டி எந்த வகை என்று போனிலேயே பார்ப்பது எப்படி, நீங்களே என்ன செய்யலாம், மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும், உங்களுக்குள்ள உரிமைகள் என்ன என்று வரிசையாகப் பார்ப்போம்.

"குளிர்ந்த எஞ்சின்" என்றால் என்ன?

உதகையில் ஜனவரி இரவுகளில் உறைபனி விழும். திருமயத்தில் அந்த அளவுக்குக் குளிர் கிடையாது. பிறகு ஏன் இங்கேயும் காலையில் வண்டி மக்கர் செய்கிறது? இங்கே "குளிர்" என்பது எஞ்சினின் சூட்டைப் பற்றியது. ஓடி முடித்த எஞ்சின் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக இருக்கும். ஒரு ராத்திரி நின்றால் அந்தச் சூடு முழுவதும் போய்விடும். மே மாதக் காலையிலும் அது குளிர்ந்த எஞ்சின்தான். மார்கழி, தையில் பனியும் சேர்வதால் தொந்தரவு கூடுதலாகத் தெரிகிறது.

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரியாது. ஆவியாகிக் காற்றோடு சரியான அளவில் கலந்தால்தான் எரியும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது பொதுவான அளவு. எஞ்சின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் சட்டென்று ஆவியாகும். குளிர்ந்திருக்கும்போது பாதி ஆவியாகும், மீதி உள்ளே குழாய்ச் சுவரில் துளித்துளியாக ஒட்டிக்கொள்ளும். பிளக்குக்கு வந்து சேரும் கலவையில் பெட்ரோல் ஆவி போதாது. ஆகவே முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் கொடுக்க வேண்டும். பழைய வண்டியில் அதைச் செய்வது நீங்கள், சோக் மூலம். புதிய வண்டியில் அதைச் செய்வது உள்ளே இருக்கும் கணினி.

இன்னொரு காரணமும் உண்டு. எஞ்சின் ஆயில் குளிரில் கெட்டியாகும். ஆயில் டப்பாவில் 20டபிள்யூ-40, 10டபிள்யூ-30 என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த "டபிள்யூ" குளிர்காலத்தைக் குறிக்கிறது. அதற்கு முன்னால் உள்ள எண் குறைவாக இருந்தால் அந்த ஆயில் குளிரிலும் எளிதாக ஓடும். கையேட்டில் 10டபிள்யூ-30 என்று இருக்கும் வண்டிக்குக் கெட்டியான ஆயிலை ஊற்றினால், காலையில் செல்ஃப் மோட்டார் திணறும். பேட்டரியும் மெலிந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

உங்கள் வண்டி எந்தத் தலைமுறை? போனில் பாருங்கள்

இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 4 (பி.எஸ்.4) புகை விதி அமலானது. அதன்பின் பி.எஸ்.5 என்ற படியைத் தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் நேரடியாக பி.எஸ்.6 வந்தது. 2020 மார்ச் 31-க்குப் பிறகு பி.எஸ்.4 வண்டிகளை விற்கவோ பதிவு செய்யவோ கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்தப் புகை விதியை எட்டுவதற்காகத்தான் கம்பெனிகள் கார்புரேட்டரை விட்டு எஃப்.ஐ.க்கு மாறின.

பார்க்கும் முறை இது:

1. எம்-பரிவாகன் அல்லது டிஜிலாக்கர் செயலியைத் திறந்து உங்கள் வண்டியின் ஆர்.சி.யைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டையில் பதிவான வண்டி என்றால் எண் டி.என்.55 என்று தொடங்கும்.
2. ஆர்.சி. விவரத்தில் புகை விதி என்ற இடத்தில் பாரத் ஸ்டேஜ் எண் இருக்கும். தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும்.
3. பி.எஸ்.3 அல்லது அதற்கு முந்தையது என்றால் பெரும்பாலும் கார்புரேட்டர். பி.எஸ்.4 என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். பி.எஸ்.6 என்றால் அநேகமாக எஃப்.ஐ. (ஒருசில மாடல்களில் மட்டும் மின்னணு கார்புரேட்டர் உண்டு.)

சந்தேகம் இருந்தால் வண்டியிலேயே பாருங்கள். பெட்ரோல் டேப்பும் சோக்கும் இருந்தால் அது கார்புரேட்டர் வண்டி. சாவியைத் திருப்பியதும் டேங்க் பக்கம் இரண்டு மூன்று விநாடி "உய்ங்" என்று மெல்லிய சத்தம் கேட்டால் அது எஃப்.ஐ. அந்தச் சத்தம் பெட்ரோல் பம்பு ஓடும் சத்தம்.

செயலியில் உள்ள ஆர்.சி.யும் ஓட்டுநர் உரிமமும் சோதனையின்போது காட்டச் செல்லுபடியாகும். ஆகவே இந்த வேலை வேறு வகையிலும் உங்களுக்குப் பயன்படும்.

கார்புரேட்டர் வண்டியா? இப்படிச் செய்யுங்கள்

1. பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா பாருங்கள். டேங்கில் பெட்ரோல் குறைவு என்றால் ரிசர்வில் போடுங்கள்.
2. சோக்கை முழுவதும் போடுங்கள்.
3. சாவி போடாமல் இரண்டு மூன்று முறை கிக்கரை மெதுவாக மிதியுங்கள். ஆயிலும் பெட்ரோலும் கொஞ்சம் நகரும்.
4. சாவியைப் போடுங்கள். ஆக்சிலேட்டரை முறுக்காமல் ஒரே சீராகக் கிக் அடியுங்கள்.
5. ஸ்டார்ட் ஆனதும் அரை நிமிடம், ஒரு நிமிடம் ஓடட்டும். பிறகு சோக்கைப் பாதியாக்கி, எஞ்சின் சீரானதும் முழுவதும் எடுத்துவிடுங்கள்.

நான்காவது படியில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சோக் என்ற சொல்லுக்கு மூச்சை அடைப்பது என்று பொருள். காற்று வரும் வழியை அடைத்தால் எஞ்சின் பலமாக உறிஞ்சும், பெட்ரோல் கூடுதலாக வரும். சோக்கைப் போட்டுவிட்டு ஆக்சிலேட்டரையும் முறுக்கினால் அந்த உறிஞ்சும் வேகம் போய்விடும், சோக் போட்டதே வீணாகிவிடும். உங்கள் வண்டியின் கையேடு வேறு மாதிரி சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

பத்து கிக் அடித்தும் ஆகவில்லை, பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றால் பெட்ரோல் அதிகமாகப் போய் பிளக் நனைந்துவிட்டது என்று அர்த்தம். நிறுத்துங்கள். பெட்ரோல் டேப்பையும் சோக்கையும் மூடுங்கள். ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து வைத்து நான்கைந்து கிக் அடியுங்கள். உள்ளே தேங்கிய பெட்ரோல் காற்றோடு வெளியேறும். எஞ்சின் பிடித்ததும் ஆக்சிலேட்டரை உடனே விட்டுவிட்டு டேப்பைத் திறங்கள்.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்குத் தனிப் பாடம். ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்தி, டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்துக்கொண்டு பிஸ்டனை மேல்முனையைச் சற்றுத் தாண்ட வைத்து, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே மிதி. இதைச் செய்யாமல் கண்டபடி மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் பெயரும்.

எஃப்.ஐ. வண்டியா? அவசரப்படாதீர்கள்

1. சைடு ஸ்டாண்டை எடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். சிவப்பு நிற கில் சுவிட்ச் ஓடும் நிலையில் இருக்கிறதா பாருங்கள். ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொல்லப்படும் வண்டிகளில் சில, இந்த சுவிட்ச் தெரியாமல் அழுந்தியதால் நிற்பவை.
2. சாவியைத் திருப்பிவிட்டு இரண்டு மூன்று விநாடி காத்திருங்கள். பம்பு சத்தம் கேட்டு அடங்கட்டும்.
3. கிளட்சைப் பிடித்து, ஆக்சிலேட்டரைத் தொடாமல் செல்ஃப் அழுத்துங்கள்.
4. ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் அழுத்த வேண்டாம். பத்துப் பதினைந்து விநாடி விட்டு மறுபடி முயலுங்கள்.

எஃப்.ஐ. வண்டியில் எஞ்சின் சூட்டை அளக்கும் சென்சார் இருக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருப்பதை அது சொன்னதும் கணினி தானாகவே கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும். நீங்கள் ஆக்சிலேட்டரை முறுக்கினால் கணினியின் கணக்கு மாறிவிடும். சாவியைத் திருப்பிய அதே நொடியில் பட்டனை அழுத்தினால் பம்பு பெட்ரோலை அழுத்தத்துக்குக் கொண்டுவர நேரம் கிடைக்காது. காலையில் மட்டும் மக்கர் செய்யும் எஃப்.ஐ. வண்டிகளில் சில, இந்த மூன்று விநாடி பொறுமையிலேயே சரியாகிவிடும்.

எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு, ஓடும்போதும் அணையாமல் எரிகிறதா? கணினி ஏதோ ஒரு பிழையைப் பதிந்து வைத்திருக்கிறது. ஸ்கேனர் உள்ள பட்டறையில் அந்தப் பிழைக் குறியீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். சூடு சென்சார் கெட்டிருந்தால் அதை மாற்றினால் போதும். யாராவது ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்கிறேன் என்றால் முதலில் குறியீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

முறை சரி, ஆனாலும் ஆகவில்லை: எதைப் பார்ப்பது?

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்.

பேட்டரி: செல்ஃப் அழுத்தினால் "டக் டக்" என்று மட்டும் கேட்கிறதா, மீட்டர் விளக்கு மங்குகிறதா? பேட்டரிதான். ராத்திரி நின்ற பிறகு நல்ல நிலையில் 12.6 வோல்ட் அளவு காட்ட வேண்டும். 12-க்குப் பக்கத்தில் என்றால் சார்ஜ் இல்லை. எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜிங் சரி. அது காட்டாவிட்டால் புதுப் பேட்டரி போட்டும் பயனில்லை, அதுவும் இறங்கிவிடும். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவர்களுக்குப் பேட்டரி திரும்ப நிரம்ப நேரமே கிடைப்பதில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

பிளக்: கழற்றினால் நிறமே கதை சொல்லும். பிஸ்கட் நிறம் என்றால் நலம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. ஈரம் என்றால் பெட்ரோல் வந்தும் பொறி வரவில்லை. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. எத்தனை கிலோமீட்டருக்கு மாற்ற வேண்டும், இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்பது கையேட்டில் இருக்கும். சாதாரண பிளக் விலை குறைவு, தேய்ந்ததை வைத்துக்கொண்டு போராட வேண்டாம்.

பிளக் கேப்: வாட்டர் வாஷ் செய்த மறுநாள் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லையா? ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே நின்ற வண்டியா? பிளக் கேப்பைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து மாட்டுங்கள். பொறி ஈரத்தின் வழியே வேறு பக்கம் ஓடியிருக்கும்.

ஏர் ஃபில்டர்: செம்மண் சாலையிலும் கல்குவாரி, கிரஷர் லாரிகளின் பின்னாலும் தினமும் போகும் வண்டிக்குக் கையேட்டில் சொன்ன காலத்துக்கு முன்பே ஃபில்டர் அடைத்துவிடும். அதே கையேட்டில் தூசி அதிகமுள்ள இடத்தில் இன்னும் சீக்கிரம் மாற்றுங்கள் என்றும் இருக்கும். அந்த வரி நமக்காக எழுதியது.

டேப்பட்: பிளக் புதிது, பேட்டரி நன்று, பெட்ரோல் வருகிறது. ஆனால் காலையில் மட்டும் கஷ்டம், சூடானபின் ஒன்றுமில்லை. அப்படியானால் டேப்பட் இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். அது இறுகியிருந்தால் குளிர்ந்த எஞ்சினில் வால்வு முழுவதும் மூடாது, கம்ப்ரஷன் நிற்காது. இதை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஆகவே முந்தின நாள் மாலையே வண்டியைப் பட்டறையில் விடுவது நல்லது.

மாதக்கணக்கில் நின்ற வண்டி

நம் பகுதியில் பல வீடுகளில் இது உண்டு. தம்பியோ மகனோ சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ வேலையில் இருப்பார். வண்டி திண்ணையோரம் போர்த்தி நிற்கும். விடுமுறைக்கு வந்த மறுநாள் எடுத்தால் ஸ்டார்ட் ஆகாது.

பெட்ரோலில் சீக்கிரம் ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த எஞ்சினைப் பிடிக்க வைக்கும். பல மாதம் நின்றால் அந்தப் பகுதி பறந்துபோய், கனமான பகுதி மட்டும் மிஞ்சும். கார்புரேட்டர் கப்பில் உள்ள கொஞ்சம் பெட்ரோல் காய்ந்து பிசினாகி, சின்னத் துளைகளை அடைக்கும். இப்போது பங்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். 20 சதவீதம் வரை கலந்ததை இ20 என்கிறோம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்குக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தங்கும். எஞ்சினுக்கு முதலில் போவது அடியில் இருப்பதுதான்.

2023 ஏப்ரல் முதல் தயாரான வண்டிகள் இ20-ஐத் தாங்கும் பாகங்களுடன் வருகின்றன. அதற்கு முந்திய வண்டியில் ரப்பர் குழாய், வாஷர்களை வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகும் முன்: கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு கப்பைக் காலி செய்யுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி கூடு கட்டும், சைலன்சர் வாயிலும் குழாய்களிலும் குளவி மண் பூசும், அவற்றை மூடிவையுங்கள். மூடியதை நினைவாக எடுப்பதற்கு சாவியில் ஒரு சீட்டு கட்டுங்கள்.

திரும்பி வந்ததும்: பழைய பெட்ரோலை மெக்கானிக்கை வைத்து இறக்கிவிட்டுப் புதிது போடுங்கள். கார்புரேட்டர் என்றால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வண்டி எடுக்கும் முன் ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று மூன்றும் காலாவதி ஆகவில்லையா என்று எம்-பரிவாகனில் பாருங்கள். பதிவாகி 15 ஆண்டு முடிந்திருந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்காமல் சாலையில் ஓட்டக் கூடாது.

இவற்றைச் செய்யவே கூடாது

மழைக்காகவோ திருட்டுக்குப் பயந்தோ வண்டியை வீட்டுக்குள் நிறுத்துகிறோம். உள்ளேயே ஸ்டார்ட் செய்து சூடாக்குவது உயிருக்கு ஆபத்து. குளிர்ந்த எஞ்சின் கூடுதல் பெட்ரோலோடு ஓடும்போது கார்பன் மோனாக்சைடு அதிகம் வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தலைவலி, மயக்கம், வாந்தி என்று தொடங்கி ஆளையே சாய்த்துவிடும். பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். முதலில் வண்டியை வெளியே தள்ளுங்கள், பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். யாருக்காவது மயக்கம் வந்தால் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள்.

பிளக்கில் பொறி வருகிறதா என்று கையில் பிடித்துப் பார்க்காதீர்கள். பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் பொறி சோதனை தீவிபத்தில் முடியும். பிளக்கை எஞ்சின் உலோகத்தில் படாமல் தொங்கவிட்டுச் சோதித்தால் காயிலும் கெட்டுப்போகும்.

பிளக் துளையிலோ கார்புரேட்டர் வாயிலோ பெட்ரோலை ஊற்றி ஸ்டார்ட் செய்வதை விட்டுவிடுங்கள். தீ திருப்பி அடிக்கும்.

எஃப்.ஐ. வண்டியைத் தள்ளித் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். பேட்டரி முழுவதும் இறங்கியிருந்தால் பம்புக்கும் கணினிக்கும் மின்சாரம் இல்லை, எத்தனை தூரம் தள்ளினாலும் பிடிக்காது. பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்தாலும், எரியாத பெட்ரோல் சைலன்சரில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைக் கெடுக்கும். அது விலை கூடிய பாகம்.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

"அண்ணே, வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது" என்று மட்டும் சொன்னால் அவரும் குத்துமதிப்பாகத்தான் தொடங்க முடியும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, காலையில முதல் ஸ்டார்ட் மட்டும்தான் தொந்தரவு. செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா பிடிக்கல. பெட்ரோல் வாடை அடிக்குது. ஒருதரம் ஓடிட்டா அப்புறம் நாள் முழுக்க ஒண்ணுமில்ல. போன வாரம் வாட்டர் வாஷ் பண்ணினேன்."

இந்த ஐந்து தகவலும் அவருக்கு அரை மணி நேர வேலையை மிச்சப்படுத்தும். முடிந்தால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது போனில் சத்தத்தோடு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். பட்டறைக்குப் போகும்போது எஞ்சின் சூடாகி, தொந்தரவு மறைந்துவிடும் என்பதால் இந்த வீடியோ மிகவும் உதவும்.

பாகம் மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். பில் கேளுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளுக்கோ சேவைக்கோ பில் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை.

புகைச் சான்றுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு. அடைத்த ஏர் ஃபில்டர், தேய்ந்த பிளக், முழுவதும் மூடாத சோக் ஆகிய மூன்றும் காலையில் வண்டியைப் படுத்தும். புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு அளவைக் கூட்டுவதும் இவைதான். ஆகவே ஸ்டார்ட்டிங் தொந்தரவைச் சரி செய்த பிறகு புகைச் சோதனைக்குப் போங்கள், எஞ்சின் நன்றாகச் சூடான நிலையில் போங்கள்.

புது வண்டிக்குப் பதிவு செய்த நாளிலிருந்து ஓராண்டுவரை புகைச் சான்று தேவையில்லை. அதன்பின் பி.எஸ்.4, பி.எஸ்.6 வண்டிகளுக்குச் சான்று ஓராண்டு செல்லும். அதற்கு முந்திய வண்டிகளுக்கு ஆறு மாதம். விதியை மீறி மாசு ஏற்படுத்தும் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் ரூ.10,000 வரை அபராதத்துக்கு இடமுண்டு. ஒரு பிளக், ஒரு ஃபில்டர் மாற்றும் செலவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் உரிமைகள்

உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டி என்றால்: காலையில் ஸ்டார்ட் ஆகாத குறையைச் சர்வீஸ் அட்டையில் எழுத்தில் பதியச் சொல்லுங்கள். வாய்ச்சொல் பின்னால் உதவாது. ஒவ்வொரு முறையும் நகலைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பேட்டரிக்குத் தனி உத்தரவாத அட்டை உண்டு, வண்டி வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

பெட்ரோல் மீது சந்தேகம் என்றால்: பெட்ரோல் பங்கில் வடிதாள் சோதனை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தாளில் விட்ட ஒரு துளி, கறை இல்லாமல் சில நிமிடத்தில் ஆவியாகிவிட வேண்டும். அடர்த்திச் சோதனையும், 5 லிட்டர் முத்திரைக் கலனில் அளவுச் சோதனையும் கேட்கலாம். எதற்கும் கட்டணம் இல்லை. அளவு குறைவு பற்றித் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவில் புகார் செய்யலாம்.

முறையிட்டும் தீரவில்லை என்றால்: முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்யலாம். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியே வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வண்டியைச் சென்னையில் வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் திருமயத்துக்குரிய புதுக்கோட்டை மாவட்ட ஆணையத்திலேயே மனு செய்யச் சட்டம் இடம் தருகிறது. செலுத்திய தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். பில்லும் சர்வீஸ் அட்டைப் படங்களும் இங்கேதான் கைகொடுக்கும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோக்கைப் போட்டபடியே ஓட்டலாமா?
வேண்டாம். மைலேஜ் குறையும், பிளக் கரி பிடிக்கும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும்.

காலையில் எவ்வளவு நேரம் சூடாக்க வேண்டும்?
அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் போதும். நிறுத்தி வைத்து ரேஸ் செய்ய வேண்டாம். முதல் ஒரு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டினால் எஞ்சின் தானே சூடாகிவிடும்.

கோடையிலும் காலையில் சோக் தேவையா?
சில வண்டிகளுக்குக் கொஞ்சம் தேவைப்படும். முதலில் சோக் இல்லாமல் இரண்டு கிக் அடித்துப் பாருங்கள், ஆகாவிட்டால் பாதி சோக் போடுங்கள்.

கிக்கரே இல்லாத வண்டி, பேட்டரியும் போய்விட்டது. என்ன செய்வது?
நல்ல 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஜம்ப் கேபிள் மூலம் மெக்கானிக் ஸ்டார்ட் செய்து தருவார். முனைகளை மாற்றிக் கொடுத்தால் கணினி கெடும், தெரியாதவர்கள் முயல வேண்டாம்.

தேர்வு, மருத்துவமனை, வெளியூர்ப் பயணம் என்று தவறவிடக் கூடாத காலை ஒன்று வருகிறது என்றால், முந்தின நாள் காலையிலேயே வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று கவனியுங்கள். அதிலேயே தடுமாறினால் அன்று மாலைக்குள் பட்டறையில் காட்டிவிடலாம்.